வின்ச் ஓட்ட ஆள் இல்லை: கிளைடர் கிளப் நடத்துபவர்கள் கொஞ்சம் வாருங்கள்

பணிப்பட்டியல்காரன் | மார்ச் 9, இரவு 10.40

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய கிளைடர் கிளப்பில் நான்கு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். மொத்தம் சுமார் 90 பேர். ஏஎஸ்கே 21 ரகத்தில் இரண்டு பயிற்சி விமானங்கள், ஒற்றை இருக்கை விமானம் ஒன்று, ஒரு வின்ச், மனம் வந்தால் ஓடுகிற இரண்டு பழைய ஜீப்புகள். சம்பளம் வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. பயிற்றுநர், வின்ச் ஓட்டுபவர், பதிவேடு எழுதுபவர், கழிப்பறை கழுவுபவர் எல்லாம் நாங்களேதான்.

போன மாத ஆண்டுக் கூட்டத்தில் "பணிப்பட்டியல் போடும் வேலையை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்டபோது அத்தனை பேரும் காலணி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தெரியாமல் தலையை நிமிர்த்திவிட்டேன்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வரி: எஞ்சின் இல்லாத விமானத்தை மேலே ஏற்ற, ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வின்ச் தன் உருளையில் கேபிளைச் சுருட்டி இழுக்கும். காற்று மந்தமாக இருக்கும்போது பட்டத்தின் நூலை வேகமாக இழுத்தால் பட்டம் எழும்புமே, அதே சங்கதி. முக்கால் நிமிடத்துக்குள் 1,200 அடி. அங்கே ஏறுகாற்று அகப்படாவிட்டால் ஆறு நிமிடத்தில் மறுபடி புல்தரை. ஒருவர் பறக்கக் கீழே ஐந்தாறு பேர் வேண்டும்.

சிக்கல் இதுதான். காகிதத்தில் எங்களுக்கு 11 வின்ச் ஓட்டுநர்கள். உண்மையில் வருபவர்கள் நான்கு பேர். போன ஞாயிறு ஒருவர் காலை 9.30 முதல் மாலை 5 வரை வின்ச் அறையைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு முறைகூடப் பறக்கவில்லை. இரவு எனக்கு ஒரு வரி அனுப்பினார்: "அடுத்த மாதம் என் பெயரைப் போட வேண்டாம்."

இதற்கிடையில் சொந்த விமானம் வைத்திருக்கும் 14 பேர் நல்ல நாளில் வரிசையில் முந்தி 11 மணிக்கு மேலே போய், 300 கிலோமீட்டர் சுற்றிவிட்டு மாலை ஆறுக்கு இறங்கி, விமானத்தை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சம்பளத்துக்கு ஒரு வின்ச் ஓட்டுநரை வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் பாதிப் பேர். அப்படிச் செய்தால் கிளப் செத்தது என்று மீதிப் பேர். உங்கள் ஊரில் எப்படி?

பழைய_காத்தாடி | மார்ச் 9, இரவு 11.55

தம்பி, 31 ஆண்டுகளாக இந்த நாட்டில் இதே கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் 22 ஆண்டு பயிற்றுநராக.

சம்பளப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். லாஷம் போன்ற பெரிய கிளப்பில் சம்பள ஊழியர்கள் உண்டு, வாரம் முழுவதும் பறக்கிறார்கள், அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. 90 பேர் கிளப் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்த மறுநாளே முதலாளி ஆகிவிடுகிறது. வரிப்பிடித்தம், முதலாளிக்குரிய கட்டாயக் காப்பீடு, விடுமுறைச் சம்பளம் என்று உங்கள் பொருளாளர் நிம்மதியாகத் தூங்க மாட்டார். அதோடு ஏப்ரலில் வெயில் அடிக்கும் சனிக்கிழமைக்கும் நவம்பரில் மழை கொட்டும் சனிக்கிழமைக்கும் ஒரே சம்பளம்.

ஆனால் உங்கள் கேள்வியே தப்பு. 11 பேர் எப்படி நான்கு பேர் ஆனார்கள்? அதைக் கேளுங்கள். நன்றாக உழுகிற மாட்டைத்தான் மறுபடி மறுபடி நுகத்தில் பூட்டுகிறோம். ஒருவர் வின்ச்சை அழகாக ஓட்டுகிறார் என்று தெரிந்ததும் அவரை அங்கேயே விட்டுவிடுகிறோம், சாப்பாட்டைக்கூட ஜீப்பில் கொடுத்தனுப்புகிறோம்.

வின்ச் ஓட்டுவது நெம்புகோலைத் தள்ளுகிற வேலை இல்லை. கேபிளின் வளைவைப் பார்க்க வேண்டும். விமானத்தின் மூக்கு எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். மேலே போகப் போக விசையைக் குறைக்க வேண்டும். வாலை இடவலமாக ஆட்டினால் வேகம் மிஞ்சிவிட்டது என்று பொருள். மேலே கொக்கி விடுபடவில்லை என்றால் கேபிளை வெட்டும் கத்தி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முப்பதாவது ஏற்றத்துக்குப் பிறகு கண் பார்க்கும், கை பழக்கத்தில் போகும். அங்கேதான் ஆபத்து.

2005இல் பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் பாதுகாப்பான வின்ச் ஏற்றத்துக்கென்றே ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதன் பிறகு வின்ச் ஏற்றத்தில் உயிரிழப்புகள் வெகுவாகக் குறைந்தன. இறக்கையைச் சமமாக வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த நொடியே கொக்கியை விடுவி என்பது போன்ற நான்கைந்து எளிய பாடங்களை எல்லோர் தலையிலும் ஏற்றியதால் வந்த பலன் அது. அப்படிப் பெற்றதை, களைத்துப்போன ஓர் ஓட்டுநரால் இழக்க வேண்டாம்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வின்ச்சில் வைக்காதீர்கள். ஆள் இல்லையா, பறப்பதை நிறுத்துங்கள். ஒரே ஒரு முறை நிறுத்திப் பாருங்கள், ஆள் எங்கிருந்தாவது முளைக்கும்.

மேகத்தடி | மார்ச் 10, காலை 7.15

வணக்கம் அண்ணா. நான் ஜெர்மனியில், ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு கிளப்பில் இருக்கிறேன். வாசர்குப்பே மலை எங்களுக்குப் பக்கம். முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் எஞ்சின் விமானங்களுக்குக் கடிவாளம் போட்டபோது, 1920இல் இளைஞர்கள் கூடி எஞ்சின் இல்லாமல் பறக்கும் போட்டி நடத்திய மலை அது. அதனாலோ என்னவோ, இங்கே ஊருக்கு ஊர் கிளப். ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்துவிடலாம்.

எங்கள் கிளப்பில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 60 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். பெரும்பகுதி குளிர்காலத்தில், பட்டறையில். விமானத்தைப் பிரித்துத் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தேய்த்து, மூட்டுகளில் எண்ணெய் இட்டு, ஆய்வாளர் வருவதற்குள் முடிக்க வேண்டும். குறைந்த மணி நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வசதி உள்ளவர்கள் ஜனவரியிலேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டு "என் கடமை முடிந்தது" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அபராதம் என்று வைத்தோம், அது விலை ஆகிவிட்டது. இப்போது 60இல் 20 மணி நேரத்தைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று விதியை மாற்றியிருக்கிறோம். கூச்சல் இன்னும் அடங்கவில்லை.

கேபிளைத் திரும்ப இழுத்துவரும் வண்டியை இங்கே லேப்போ என்பார்கள். எங்கள் வின்ச்சில் இரண்டு உருளைகள், ஆகவே ஒரு நடையில் இரண்டு கேபிள் வந்துவிடும். சாலையில் வண்டி ஓட்ட வயது வராத பிள்ளைகள்கூட விமானத்தளத்துக்குள் லேப்போ ஓட்டப் பழகிவிடுகிறார்கள். அதற்காகவே வருகிற பிள்ளைகள் உண்டு.

பருந்து_டெக்சாஸ் | மார்ச் 10, காலை 8.02

எங்கள் பக்கம் வின்ச் அபூர்வம். இழுவை விமானம்தான், பெரும்பாலும் பழைய பைப்பர் பானி, பயிருக்கு மருந்து தெளிக்கச் செய்த விமானம். அதை ஓட்ட எங்களுக்கு ஆள் பஞ்சம் வருவதில்லை. காரணம் எளியது: தனியார் உரிமம் உள்ளவர் 100 மணி நேரம் தலைமை விமானியாகப் பறந்திருந்து, கிளைடர் இழுக்கும் பயிற்சியையும் முடித்திருந்தால் இழுக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய பறக்கும் மணி நேரம் அவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. விமான நிறுவன வேலைக்கு மணி நேரம் சேர்க்கிற பையன்கள் சனிக்கிழமை விடியற்காலையே வந்து நிற்கிறார்கள்.

வின்ச்சில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கிறது? டீசல் வாசனை. இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு இலவச ஏற்றம், அதுவும் அன்றைக்கே, வரிசையில் முன்னால். கொடுத்துப் பாருங்கள்.

வாசல்_திண்ணை | மார்ச் 10, மாலை 6.30

நான் கிளப் நடத்துபவன் அல்ல. விட்டுவிட்டு வந்தவன். வேறு யாரும் என்னைப் போன்றவனிடம் கேட்கப்போவதில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

நாற்பதாவது பிறந்தநாளுக்கு மனைவி ஒரு அறிமுகப் பறத்தல் சீட்டு வாங்கிக்கொடுத்தாள். ஒரே ஏற்றத்தில் மயங்கி, மறுவாரமே உறுப்பினர் ஆனேன். காலை 8.30க்குப் போவேன். கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, விமானங்களை வெளியே எடுத்து, ஈரத்தைத் துடைப்போம். பட்டியலில் என் பெயர் ஏழாவதாக இருக்கும். மதியம் சீட்டு வாங்கிய விருந்தினர்கள் வருவார்கள், அவர்களுக்கு முன்னுரிமை. மூன்று மணிக்குக் காற்று குறுக்கே திரும்பும், பயிற்சி நிறுத்தம். வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்பாள்: "இன்றைக்கு எத்தனை நிமிடம்?" பன்னிரண்டு என்பேன். சில நாள் பூஜ்யம்.

16 வார இறுதிகள், 31 ஏற்றங்கள், கூட்டிப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தப் பதினாறு நாளிலும் "இதை நீ கற்றுக்கொள், நாளை நீதான் செய்ய வேண்டும்" என்று எந்த வேலையையும் யாரும் என் கையில் கொடுக்கவில்லை. கேபிள் கிடந்த இடத்தின் குறுக்கே நடந்ததற்காக ஒருவர் கத்தினார், அது என் தவறுதான். அதைத் தவிர என்னுடன் யாரும் நீளமாகப் பேசிய நினைவில்லை. எல்லோரும் இருபது ஆண்டுப் பழக்கத்தில் தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆள் பற்றாக்குறை என்கிறீர்கள். நான் நாள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

பழைய_காத்தாடி | மார்ச் 10, இரவு 9.10

திண்ணை ஐயா, சுருக்கென்று தைக்கிறது, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். விருந்தினர் சீட்டுப் பணத்தில்தான் எங்கள் காப்பீடு கட்டப்படுகிறது. அவர்களை மூன்று மணி நேரம் புல்லில் உட்காரவைக்க முடியாது. அதோடு, பிறர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பதும் பயிற்சிதான். நான் அப்படித்தான் கற்றேன்.

(பத்து நிமிடம் கழித்து) மேலே எழுதியதை மறுபடி படித்தேன். நான் கற்ற காலத்தில் என் ஆசிரியர் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, "அந்த விமானம் ஏன் உயரமாக வருகிறது, சொல்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் அப்படி யாருக்காவது நாற்காலி போட்டு எவ்வளவு நாளாகிறது என்று யோசிக்கிறேன்.

சொந்த_இறக்கை | மார்ச் 11, காலை 6.50

பணிப்பட்டியல்காரர் சொன்ன அந்த 14 பேரில் நான் இல்லை, ஆனால் என் கிளப்பில் நானும் அந்த வகைதான், ஆகவே ஏச்சு எனக்கும் சேர்ந்தது.

ஒன்பது ஆண்டு கேபிள் இழுத்தேன். சேமிப்பில் பாதியைப் போட்டு ஒரு பழைய ஒற்றை இருக்கை விமானத்தில் பங்கு வாங்கினேன். டிரெய்லர் நிறுத்தும் வாடகை, முழுச் சந்தா, ஏற்றக் கட்டணம் எல்லாம் கட்டுகிறேன். குளிர்காலத்தில் ஒரு நாள்கூடப் பறக்காதபோதும் கட்டுகிறேன். எங்கள் பணம் இல்லாவிட்டால் உங்கள் பயிற்சி விமானம் கொட்டகையில் தூசி பிடித்து நிற்கும். இந்த நாட்டில் வார இறுதியில் நீண்ட தூரம் பறக்கத் தோதான நாள் ஆண்டுக்கு எத்தனை வரும்? அந்த நாளில் நண்பகலில் என்னை வின்ச்சில் உட்கார் என்றால் உட்கார மாட்டேன். பொய் சொல்லி என்ன பயன்?

ஆனால் வானத்தைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள். ஏறுகாற்று காலை 9.30க்கு எழும்புவதில்லை. தரை சூடேறி முதல் பஞ்சுமேகம் தெரிவதற்குள் 11 ஆகிவிடும். அதுவரை நாங்கள் விமானத்துக்கு இறக்கைகளைப் பொருத்திவிட்டு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு சும்மாதான் நிற்கிறோம். 9 முதல் 11 வரை வின்ச்சை எங்களிடம் கொடுங்கள். ஏறுகாற்று தேவைப்படாத மாணவர்களுக்கு, ஏற்றமும் இறக்கமும் பழக, அந்த அமைதியான காற்றுதான் ஏற்றது. ஏன் யாரும் இதைக் கேட்கவில்லை என்று தெரியவில்லை. நாங்களாகச் சொல்லவுமில்லை, அது எங்கள் குற்றம்.

என்சிசி_பழையவன் | மார்ச் 11, பகல் 1.20

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தியாவில் கல்லூரி நாட்களில் என்சிசி விமானப் பிரிவில் மூன்று முறை கிளைடரில் ஏறியிருக்கிறேன். எங்களுக்கு எல்லா வேலைக்கும் ஆள் இருந்தார்கள். ஏறினோம், இறங்கினோம், அவ்வளவுதான். இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுபவரைப் பார்த்துப் பொறாமையாக இருக்கும். அந்த வேலை எப்படி இருக்கும்?

மேகத்தடி | மார்ச் 11, பகல் 2.05

முதலில் இறக்கையைத் தொடவே கூடாது அண்ணா. மேலே, பின்னால், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். யாராவது இறங்க வருகிறார்களா என்று. பிறகு நுனியைத் தூக்கிச் சமமாக்கிவிட்டு, கையைத் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். இறுக்கிப் பிடித்தால் விமானம் உங்களைச் சுற்றித் திரும்பிவிடும். கேபிள் புல்லில் பாம்புபோல நெளிந்து நேராகும். விறைத்ததும் விமானம் பாய்ந்துவிடும், நீங்கள் நான்கைந்து எட்டு ஓடுவதற்குள் இறக்கை கையைவிட்டுப் போயிருக்கும். எதிர்க்காற்று நன்றாக இருக்கும் நாளில், விமானம் நகரும் முன்பே நுனி விரல்களுக்குள் லேசாகத் துடிக்கும்.

எங்கள் கிளப்பில் முதல் நாள் வருபவருக்கு முதல் வேலையே இதுதான். முதன்முறை தனியாகப் பறந்து இறங்கியவருக்கு முள்ளும் காஞ்சொறியும் கட்டிய பூங்கொத்து கொடுத்து, எல்லோரும் வரிசையாக நின்று பின்புறத்தில் ஆளுக்கொரு தட்டுத் தட்டுவோம். ஏறுகாற்றை அங்கேதான் உணர வேண்டுமாம். என் முறை வந்தபோது அதிகமாகத் தட்டியவர் எங்கள் எழுபது வயதுப் பொருளாளர்.

பணிப்பட்டியல்காரன் | மார்ச் 16, இரவு 11.30

இரண்டு இரவுகள் உட்கார்ந்து போன ஆண்டின் ஏற்றப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் நினைத்ததும் அதில் இருந்ததும் வேறு வேறு.

காலையில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறேழு நிமிடம். மதியம் இரண்டு மணிக்கு மேல் அது பதினைந்து, பதினெட்டு என்று போகிறது. வின்ச் அந்த நேரமெல்லாம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கிறது. விமானம் தளத்தின் மறுகோடியில் இறங்குகிறது, அதை இழுத்துவர ஜீப் இல்லை. ஜீப் கேபிள் எடுக்கப் போயிருக்கிறது. இன்னொரு ஜீப் இருக்கிறது, அதை ஓட்ட அனுமதி பெற்றவர் சொந்த விமானத்தில் எங்கோ மேகத்தடியில் இருக்கிறார். (உங்கள் பெயரைச் சொல்லவில்லை தங்கையே.) புல்லில் எட்டு மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஆறு பேருக்கு ஜீப் ஓட்டும் அனுமதி இல்லை. ஏன் இல்லை? யாரும் கொடுக்கவில்லை. அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிற வேலை.

திண்ணை அவர்களே, உங்கள் பதிவை அச்செடுத்துக் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். பெயர் சொல்லவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் "இது நம் கிளப் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியா என்று கொஞ்சம் ஏமாற்றத்துடன் சொன்னார்.

பணிப்பட்டியல்காரன் | மே 26, இரவு 10.05

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் நிலவரம்.

வின்ச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் இல்லை, இது மட்டும் கல்வெட்டு. காலை 9 முதல் 11 சொந்த விமானக்காரர்கள். 14 பேரில் 9 பேர் ஒப்புக்கொண்டார்கள். மே முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை மேகம் 10.20க்கே பூத்துவிட்டது, அன்றைய ஓட்டுநர் வின்ச் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. ஆனாலும் 11 வரை இருந்தார். மறுவாரம் வேறொருவர் 10.40க்கு ஓடிவிட்டார்.

பயிற்சி இப்போது அரைநாள் கணக்கு. ஒரு வேளைக்கு மூன்று மாணவர்கள் முன்பதிவு, ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று ஏற்றம். மதியம் வருபவர் காலையில் வரத் தேவையில்லை. இதனால் காலையில் கொட்டகை திறக்க ஆள் குறைந்துவிட்டது, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. விருந்தினர் சீட்டுகளைப் புதன், வெள்ளி மாலைகளுக்கு மாற்றினோம். சீட்டு விற்பனை கொஞ்சம் சரிந்திருக்கிறது, பொருளாளர் முகமும்.

புதிதாக ஏழு பேருக்கு ஜீப் அனுமதி. தனியாகப் பறக்கத் தொடங்கிய மூன்று பேர் வின்ச் கற்கிறார்கள். அதில் ஒருத்திக்கு வயது 17. நேற்று ஆசிரியர் பக்கத்தில் நிற்க அவள் ஓட்டிய பன்னிரண்டாவது ஏற்றத்தில், விமானம் 500 அடியில் இருந்தபோது கேபிள் முனையில் இருக்கும் பாதுகாப்பு இணைப்பு அறுந்தது. அதிக இழுப்பு வந்தால் விமானத்துக்குப் பதிலாகத் தான் உடைவதற்கென்றே வைத்த துண்டுதானே. மேலே இருந்தவர் மூக்கைத் தாழ்த்தி, வேகம் வரும்வரை பொறுத்து, நேரே முன்னால் இறங்கினார். ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் வெலவெலத்துப்போய்விட்டாள். தான் விசையை அதிகம் கொடுத்துவிட்டதாக நினைக்கிறாள். இனி வின்ச் வேண்டாம் என்கிறாள். என்ன சொல்வது?

பழைய_காத்தாடி | மே 26, இரவு 10.31

அறுந்ததும் அவள் கை முதலில் எங்கே போனது?

பணிப்பட்டியல்காரன் | மே 26, இரவு 10.34

விசையை மூடியிருக்கிறாள். பிறகு உருளைக்குத் தடை. கேபிளோடு கட்டியிருக்கும் சிறிய பாராசூட் எங்கே விழுகிறது என்றும் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் கை வைக்க வேண்டியே வரவில்லையாம்.

பழைய_காத்தாடி | மே 26, இரவு 10.40

அந்த இணைப்பு எத்தனை ஏற்றம் கண்டது என்று பதிவைப் பாருங்கள். தேய்ந்ததாகவும் இருக்கலாம். அறுந்த துண்டைத் தூக்கிப்போடாமல் அவளிடமே காட்டுங்கள். அடுத்த சனிக்கிழமையும் அவள் பெயரைப் போடுங்கள். காலை நேரத்தில், ஆசிரியரோடு. இரண்டு மணி நேரம்தான்.